நாய் எதையும் காட்டவில்லை

கெர்லிண்ட் காட்டு வழியின் தடுப்புக் கட்டையருகே காரை நிறுத்தியபோது மணி ஏழே முக்கால். நவம்பரில் ஹார்ட்ஸ் மலையில் அந்த நேரத்துக்குத்தான் விடியும், அதுவும் வேண்டாவெறுப்பாக. வண்டு துளைத்துச் செத்துப்போன ஊசியிலை மரங்கள் பட்டை உரிந்து, சாம்பல் நிறத்தில், பனிமூட்டத்துக்குள் வரிசை வரிசையாக நின்றன. ஒரு பறவைகூடக் கத்தவில்லை.

வோல்க்மார் கட்டையில் சாய்ந்து பிளாஸ்க் மூடியில் காபி குடித்துக்கொண்டிருந்தான். அந்தக் காட்டை வேட்டைக்குக் குத்தகை எடுத்தவன் அவன். பள்ளிக்கூடத்தில் கெர்லிண்டுக்குப் பின் பெஞ்சுக்காரன். ஐம்பத்தைந்து வயதிலும் அந்தப் பின் பெஞ்சுச் சிரிப்பு அவனை விட்டுப் போகவில்லை.

"ரெண்டு வருஷமா இந்தப் பக்கம் தலைகாட்டலையே. வழி மறந்துடுச்சோன்னு நெனச்சேன்."

"இன்னொரு நாய்க்காரருக்கு முதுகு புடிச்சுக்கிச்சாம். அதான் வந்தேன். உனக்காக வரல."

"பன்னிக்காக வந்திருக்க. பன்னி சார்புல நன்றி."

அவள் காரின் பின்கதவைத் திறந்தாள். அவள் நாய் பிர்க்கா குதித்து இறங்கி உடம்பை உதறியது. செம்பட்டை நிறம், தொங்கும் காது, எப்போதும் எதையோ நினைத்துக் கவலைப்படும் முகம். விலாவில் பத்தொன்பது தையல் போட்ட வடு. ஒரு காட்டுப்பன்றி கோரைப் பல்லால் கிழித்தது. அன்றைக்குக் கெர்லிண்ட் அந்தப் பன்றியின் மேல் முழங்காலை ஊன்றிக் கத்தியை இறக்கிவிட்டு, அதே கையால் நாயின் குடலை உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டு மூன்று கிலோமீட்டர் நடந்தாள். அவள் பூஞ்சையான பெண் அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அவள் வேலை அதுதான். யாரோ சுடுவான், விலங்கு சாகாமல் ஓடிவிடும். மறுநாள் விடிந்ததும் நாயைப் பத்து மீட்டர் தோல்வாரில் பூட்டி, அந்தத் தடத்தில் போய், அதன் வேதனையை முடித்துவைக்க வேண்டும். வேட்டைக்காரர்கள் அந்தத் தடத்தில் சிந்தியிருப்பதை ரத்தம் என்று சொல்லமாட்டார்கள். வியர்வை என்பார்கள். வாய் தவறி ரத்தம் என்றவனுக்கு ஒரு சுற்று சாராயம் அபராதம். அபராதம் போடுவதில் வோல்க்மாருக்கு எப்போதும் தனி சந்தோஷம்.

"சொல்லு. எங்க நின்னுச்சு, எப்படித் துள்ளுச்சு, எந்தப் பக்கம் ஓடுச்சு?"

"நேத்து சாயங்காலம், ஓடைக்கு மேல இருக்கற பரண்லேருந்து. கரும்பெருசா ஒண்ணு நின்னுச்சு. நல்ல ஆண்பன்னி. சுட்டதும் இடது பக்கமா மேட்டுல ஏறிடுச்சு."

இடது பக்கம். மேட்டில்.

கெர்லிண்ட் குனிந்து பிர்க்காவின் கழுத்துப் பட்டையில் வாரைப் பூட்டினாள். இரண்டு வருஷத்துக்கு முன்பும் இதே பரண், இதே வார்த்தை.

அன்று பெரிய வேட்டை. பதினொரு துப்பாக்கிகள். காட்டைக் கலைத்து விலங்குகளை வெளியே விரட்ட ஆரஞ்சுச் சட்டை போட்ட இருபது ஆட்கள். அவர்களில் ஒருவன் லெஷெக். போலந்துக்காரன், கீழே மரமில்லில் வேலை. எத்தனை குளித்தாலும் உடம்பில் மரத்தூள் வாசனை போகாது என்று எல்லாரும் கேலி செய்வார்கள். வேட்டை முடிந்ததும் வோல்க்மார் அவளைக் கூப்பிட்டான். ஒரு பன்றியைக் காயப்படுத்திவிட்டேன், இடது பக்கம் மேட்டில் ஏறிவிட்டது என்றான். பிர்க்காவோ வலது பக்கம், ஓடைப் புதரை நோக்கி இழுத்தது. ஒருமுறை இழுத்தது, இரண்டாம் முறை முனகிக்கொண்டே இழுத்தது. சுட்டவன் சொல்வதை விட்டுவிட்டு நாய் சொல்வதைக் கேட்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம். கெர்லிண்ட் அன்று சுட்டவன் சொன்னதைக் கேட்டாள். மழை தூறிக்கொண்டிருந்தது, இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போகவேண்டும். நாயை இரண்டு கையாலும் வாரி எடுத்துத் தடத்தைவிட்டு விலக்கிவிட்டாள்.

சாயங்காலம் தலை எண்ணியபோது லெஷெக் இல்லை. குடிக்கப் போயிருப்பான் என்றார்கள். ஆறாம் நாள் ஓடைப் புதருக்குள் கிடைத்தான். தொடையில் குண்டு துளைத்துப் போயிருந்தது. தன் இடுப்பு பெல்ட்டைக் கழற்றித் தொடையில் தானே இறுக்கிக் கட்டியிருந்தான். மறுநாள் காலைவரை உயிரோடு இருந்திருக்கிறான் என்று டாக்டர் சொன்னார். குண்டு கிடைக்கவில்லை; பதினொரு துப்பாக்கியில் எது என்று யாருக்கும் தெரியாது. கெர்லிண்டுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று வோல்க்மாருக்கும் தெரியும். இருவரும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

போலீஸ் கேட்டபோது அவள் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். நாய் எதையும் காட்டவில்லை.

லெஷெக்கின் மனைவி ஹலினா கெர்லிண்டின் சமையலறைக்கே வந்து கேட்டாள். "உங்க நாய் அந்தப் பக்கம் போகவே இல்லையா?" கெர்லிண்ட் இல்லை என்றாள். நாய்க்கும் சில நேரம் தப்பு நேரும் என்று கூடவே சேர்த்துக்கொண்டாள். ஹலினா குனிந்து பிர்க்காவின் தலையைத் தடவி, "பரவால்ல, நீ என்ன பண்ணுவ" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதைத்தான் கெர்லிண்டால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

பரணுக்குக் கீழே, சுட்டபோது விலங்கு நின்ற இடத்துக்கு வந்தார்கள். அங்கே ஒரு ஊசியிலைக் கிளை மண்ணில் செங்குத்தாக நட்டிருந்தது. அதன் அருகே இன்னொரு கிளை தரையில் படுக்கவைக்கப்பட்டிருந்தது. அது பழைய வழக்கம். நட்ட கிளை, இங்கேதான் அடிபட்டது என்று சொல்லும். கிடத்திய கிளை, ஓடிய திசையைச் சொல்லும். ஆண் விலங்கு என்றால் வெட்டிக் கூராக்கிய முனை ஓடிய பக்கம் இருக்கும். பெண் என்றால் இலை நுனி.

கூராக்கிய முனை வலது பக்கம் இருந்தது. ஓடையைப் பார்த்து.

"மேடுன்னு சொன்ன. ஓடைப்பக்கம் கெளய வெச்சிருக்க."

"நான் கெளய ஒண்ணும் வெக்கல," என்றான் வோல்க்மார். "நேத்து நான் பரணை விட்டு இந்தப் பக்கம் எறங்கவே இல்ல. நீ வெச்சதுன்னு நெனச்சேன்."

"நான் இப்பதான உன்கூட வரேன்."

அவன் சிரிக்கப் பார்த்தான். பாதியில் விட்டுவிட்டான்.

கெர்லிண்ட் மண்டியிட்டாள். புல்லில் சிவப்பு இருந்தது. பதினைந்து மணி நேரம் கழிந்தால் அது கறுத்து, உறைந்து, பனியோடு ஒட்டியிருக்க வேண்டும். இது ஈரமாக இருந்தது. அவள் விரலில் தொட்டாள்.

வெதுவெதுப்பாக இருந்தது.

பன்றி போன தடத்தில் சூப் மசாலா மாதிரி ஒரு வாசனை நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். இங்கே அது இல்லை. ஒரு பன்றி மயிர்கூட இல்லை. இருந்தது வேறொரு வாசனை. அறுத்த மரத்தின் வாசனை, பச்சை மரத்தூள் வாசனை. அந்தக் காட்டில் ஒரு வருஷமாக யாரும் ரம்பம் எடுத்து வரவில்லை.

பிர்க்கா தரையில் மூக்கை வைத்தது. முதுகு மயிர் கழுத்திலிருந்து வால்வரை எழுந்து நின்றது. பிறகு அது ஓடையை நோக்கி, வலது பக்கம், வாரை இழுத்தது.

"இடது பக்கம்னு சொன்னேன்," என்றான் வோல்க்மார்.

"நாய் இப்படிப் போகுது."

"உன் நாய்க்கு மூக்குல சளி. போன தடவையும் இப்படித்தான்..."

சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டான். இரண்டு வருஷத்தில் முதல் முறையாக அது அவர்கள் இருவருக்கும் நடுவே வந்து நின்றது.

"போன தடவையும் அது சரியாத்தான் போச்சு," என்றாள் கெர்லிண்ட். அவளுக்கு அழுகையாகவும் வந்தது, ஆத்திரமாகவும் வந்தது. "இந்தத் தடவை நான் நாயை நிறுத்தமாட்டேன். என்ன கெடக்குதோ கெடக்கட்டும், போய்ப் பாத்துடறேன்."

அவள் வாரைத் தளர்வாகக் கையில் விட்டுப் பின்னால் நடந்தாள். வாரைக் கையில் சுற்றக்கூடாது. நாய் திடீரென்று பாய்ந்தால் எலும்பு போய்விடும். அவளுடைய இடது சுண்டுவிரல் கோணலாக நிற்பதற்கு அப்படிச் சுற்றியதுதான் காரணம். வோல்க்மார் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு முணுமுணுத்தபடி பின்னால் வந்தான். அவளைத் தனியாகப் போகவிட அவனுக்குப் பயமாக இருந்திருக்கும்.

இருநூறு அடிக்கு அப்பால் படுத்த இடம் ஒன்று வந்தது. காயம்பட்ட விலங்கு களைத்து விழுந்து எழுந்து போகும் இடம். புல் நசுங்கி, நடுவே சிவப்பு தேங்கி, அதிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. கெர்லிண்ட் குளம்படியைத் தேடினாள். இல்லை. சேற்றில் இரண்டு முழங்கை ஊன்றிய பள்ளம். இரண்டு முழங்கால். முன்னால், விரல் விரித்த ஒரு உள்ளங்கை.

"திரும்பிடலாம் கெர்லிண்ட்."

அவன் குரல் அவ்வளவு தணிந்து அவள் கேட்டதே இல்லை.

"இது பன்னி இல்ல வோல்க்மார்."

"எனக்குக் கண்ணு தெரியுது. நாயைத் திருப்பு."

அவள் திருப்பவில்லை. பிர்க்கா ஓடைக்கரை முள்புதருக்குள் நுழைந்தது. கறுத்த முட்கள், விரல் நீளத்துக்கு. வார் அவள் உள்ளங்கை வழியாகச் சரசரவென்று ஓடி, மீட்டர் மீட்டராக உள்ளே போய், கடைசி முடிச்சில் வந்து நின்றது. அந்தப் புதரை அவளுக்குத் தெரியும். ஆறாம் நாள் லெஷெக்கைத் தூக்கி வந்தது அதிலிருந்துதான்.

வோல்க்மார் துப்பாக்கியின் பாதுகாப்புத் தாழை விலக்கிப் புதரை நோக்கிப் பிடித்தான். "நாயை வெளிய கூப்பிடு. இல்லேன்னா நான் கூப்பிடற விதமே வேற."

"அதைச் சுட்டேன்னா உன்னை இங்கயே கொன்னுடுவேன்."

அவன் அவளைத் தோளால் இடித்துத் தள்ளினான். அவள் சேற்றில் விழுந்தாள். அவன் துப்பாக்கியை மறுபடி தோளில் போட்டு, வாரைப் பிடுங்கி, கைமுட்டியில் இரண்டு சுற்று, மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு பின்னால் சாய்ந்து இழுத்தான்.

"வா வெளிய, சனியனே."

வார் விறைத்தது. உள்ளே ஏதோ கனமாக இழுத்தது. அவன் இழுத்தான். அது இழுத்தது.

அப்போது கெர்லிண்டின் கையில் ஈரமாக ஏதோ பட்டது.

திரும்பிப் பார்த்தாள்.

பிர்க்கா அவள் பின்னால் நின்றது. கழுத்தில் பட்டை இல்லை. உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டு, அவள் விரலை நக்கியது.

வார் இன்னும் விறைப்பாகவே இருந்தது.

"வோல்க்மார்," என்றாள் மெதுவாக. "வாரை விட்டுடு."

"நாயை அடக்கத் தெரியாதவ எனக்குப் புத்தி சொல்லாத."

"நாய் இங்க இருக்கு."

அவன் தலையைத் திருப்பினான். நாயைப் பார்த்தான். தன் கையைப் பார்த்தான். மறு கையால் சுற்றை அவிழ்க்கப் போனான். ஈரத் தோல் மணிக்கட்டில் இறுகிப் போயிருந்தது.

புதருக்குள்ளிருந்து ஒரே இழுப்பு.

தோள்மூட்டு கழன்ற சத்தம் அவளுக்கு நன்றாகக் கேட்டது. அவன் முகம் குப்புற விழுந்து, முட்களுக்குள் இழுபட்டான். தொப்பி முதலில் போனது, பிறகு நெற்றித் தோல். கால் பூட்ஸ் சேற்றில் இரண்டு கோடு போட்டுக்கொண்டு உள்ளே மறைந்தது. தோளில் கிடந்த துப்பாக்கி எதிலோ சிக்கி வெடித்தது.



"ரத்தம்," என்று கத்தினான் வோல்க்மார். அபராதம் போடுகிறவன். "கெர்லிண்ட், தொடையில பட்டுடுச்சு, ஒரே ரத்தம். வந்து என்னைப் புடி. இங்க யாரோ இருக்கான். என் பெல்ட்ட அவுக்கறான்..."

பத்து மீட்டர்தான். முள்ளை விலக்கிக்கொண்டு ஊர்ந்தால் ஒரு நிமிஷம். பிர்க்கா அந்தக் குரலை நோக்கிப் பாய்ந்தது. வேட்டை நாய்க்கு அடிபட்டவன் யாராக இருந்தாலும் ஒன்றுதான். போய்ச் சேரவேண்டும், அவ்வளவே அதற்குத் தெரியும்.

கெர்லிண்ட் அதை இரண்டு கையாலும் வாரி எடுத்தாள்.

பயந்துதான் செய்தாள். அதை அவள் யாரிடமும் ஒப்புக்கொள்வாள். ஒப்புக்கொள்ளாத இன்னொன்றும் அந்தப் பயத்துக்கு அடியில் இருந்தது. இவன் செத்தால் அந்த இடது பக்கமும் மேடும் இவனோடு போகும் என்று ஒரு நினைப்பு. நாய் திமிறியது, முனகியது, அவள் தாடையை நகத்தால் கீறியது. அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு மேட்டில் ஏறி ஓடினாள். காருக்குள் உட்கார்ந்து நான்கு கதவையும் பூட்டினாள். ஓடைப் பக்கமிருந்து அவன் அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தான். ஒன்பது மணிக்கு அது அழுகையானது. ஒன்பதேகாலுக்கு ஜெபமானது. ஒன்பதே முக்காலுக்கு நின்றது. தடுப்புக் கட்டையருகே போனில் சிக்னல் தொடக்கத்திலிருந்தே நன்றாக இருந்தது.

பத்து மணிக்கு அவள் போன் செய்தாள்.

போலீஸ்காரர் மரியாதையாகத்தான் கேட்டார். "சத்தம் ஏதும் கேட்டுதுங்களா?"

"பனிமூட்டத்துல அவனைத் தவறவிட்டுட்டேன். ஒண்ணும் கேக்கல."

"நாய்?"

"நாய் எதையும் காட்டல."

வோல்க்மாரைப் புதரிலிருந்து எடுத்தார்கள். தடுக்கி விழுந்து, சொந்தத் துப்பாக்கி வெடித்துத் தொடையில் குண்டு பாய்ந்து இறந்தான் என்று எழுதிக்கொண்டார்கள். பெல்ட் தொடையில் இறுக்கிக் கட்டியிருந்தது. பாவம், தானே கட்டியிருக்கிறான் என்றார்கள். ஒரு தோள் கழன்று, மறு கையில் விரல் மூன்று ஒடிந்தவன் எப்படிக் கட்டினான் என்று யாரும் கேட்கவில்லை. பற்களுக்கு நடுவே ஒரு ஊசியிலைக் கிளை இருந்தது. வேட்டையில் வீழ்த்திய விலங்குக்குக் கடைசிக் கவளம் என்று வாயில் வைப்பார்களே, அதேபோல. முள்ளில் விழுந்தபோது மாட்டிக்கொண்டது என்றார்கள். வாரும் நாயின் கழுத்துப் பட்டையும் மட்டும் கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் அடக்கம். கல்லறைத் தோட்டத்து வாசலில் ஹலினா நின்றிருந்தாள். அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

"உங்க நாய் இந்தத் தடவையும் எதையும் காட்டலையாமே," என்றாள்.

கெர்லிண்ட் வாயைத் திறந்தாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் திறந்தாள். பின்னால் வேட்டைக்காரர்கள் கறுப்புக் கோட்டோடு வந்துகொண்டிருந்தார்கள். "ஆமா," என்று சொல்லிவிட்டுக் கடந்து போனாள்.

நான்காம் நாள் காலை ஒன்பது மணிக்கு நல்ல வெயில். கெர்லிண்ட் வெளியே கோழிகளுக்குத் தீனி போட்டுவிட்டு, வாசல் கதவைத் திறந்தபடியே விட்டு உள்ளே வந்து, சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். ரொட்டியில் வெண்ணெய் தடவினாள். தரையைப் பார்த்தபோதுதான் கத்தி கையில் நின்றது.

வாசலிலிருந்து நாற்காலிவரை, அவள் நடந்து வந்த ஒவ்வொரு அடியிலும், ஒரு சிவப்புச் சொட்டு.

கால்களைத் தடவிப் பார்த்தாள். தொடையைத் தடவிப் பார்த்தாள். எங்கேயும் காயம் இல்லை. சொட்டுகளிலிருந்து ஆவி எழுந்தது.

நாற்காலியிலிருந்து வாசல்வரை வீட்டின் நடைபாதை நேராகத் தெரிந்தது. வாசற்படியில் ஒரு கிளை கிடத்தியிருந்தது. அவள் வரும்போது அது அங்கே இல்லை. இலை நுனி வீட்டுக்குள்ளே, அவளைப் பார்த்து இருந்தது.

பெண் விலங்கு.

மரத்தூள் வாசனை சமையலறைவரை வந்தது.

பிர்க்கா வாசற்படியில் மூக்கை வைத்தது. அவசரப்படாமல், தலையைத் தாழ்த்தி, முதல் சொட்டு, இரண்டாம் சொட்டு என்று நடைபாதை வழியாக வந்தது. அவளை அடையாளம் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. நாற்காலிக்கு முன்னால் வந்து நின்று, செத்த விலங்கின் முன்னால் படுப்பதுபோல முன்காலை நீட்டிப் படுத்தது. அதன் கழுத்தில் காணாமல் போன பட்டை இருந்தது.

பட்டையில் வார் இருந்தது. நடைபாதை முழுக்க நீண்டு, வாசற்படியைத் தாண்டி, கதவு மறைத்த பக்கமாகத் திரும்பியிருந்தது.

அது தரையில் படவில்லை. விறைப்பாக, முழங்கால் உயரத்தில், யாரோ பிடித்திருக்கும் கணக்கில் நின்றது.

"காட்டுச்சு," என்றாள் கெர்லிண்ட். "ரெண்டு தடவையும் காட்டுச்சு. நான்தான் தூக்கிட்டுப் போயிட்டேன்."

பிர்க்கா அசையவில்லை. வார் தளரவில்லை. கதவுக்கு அப்பால் ஒரு காலை இழுத்து இழுத்து வைக்கும் சத்தம் கேட்டது. வாசற்படியில் வார் ஒரு முழம் உள்ளே வந்தது.